ரசமட்டம்

இடுப்புக்குக் கீழே வலது பக்கத்தில் ஒரு ஆணி. மூட்டையைத் தோளில் ஏற்றும்போது அது உள்ளே இறங்கும். மூட்டையை இறக்கிய பிறகும் வெளியே வராது. எட்டு மாதமாக இப்படித்தான். காலையில் செருப்பு மாட்டக் குனிய முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு கால் விரலால் துழாவி மாட்டுவேன். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "இனிமே பத்து கிலோவுக்கு மேல தூக்காதீங்க" என்றார். நான் தூக்குவது ஐம்பது கிலோ. ஒரு நாளைக்கு இருநூறு தடவை. சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

இது என் பெண்டாட்டிக்கு மட்டும்தான் தெரியும். கிடங்கில் யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. மூட்டை தூக்குகிற கோஷ்டியில் முதுகு போன ஆளுக்கு இடம் கிடையாது. "ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுத்துட்டு வாப்பா" என்று மேஸ்திரி தோளில் கை போட்டு அன்பாகச் சொல்வார். அப்படி ரெஸ்ட் எடுக்கப் போனவர்கள் மூன்று பேர். ஒருத்தரும் திரும்பி உள்ளே வரவில்லை.

அதனால்தான், ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கு இன்னொரு ஆளைப் பழக்கப்போகிறார்கள், அதுவும் நம் கோஷ்டியிலிருந்தே எடுக்கப்போகிறார்கள் என்று அந்தத் திங்கட்கிழமை மேஸ்திரி சொன்னபோது, எனக்கு அந்த வண்டி கண்ணில் படவில்லை. சீட்டுதான் பட்டது. கறுப்பு ரெக்சின் சீட்டு. சாய்மானம் உண்டு. அதில் உட்கார்ந்தால் இன்னும் பத்து வருஷம் ஓட்டிவிடலாம்.

"சர்வீஸ் பார்த்தா ரெண்டு பேருக்குத்தான் வருது" என்றார் மேஸ்திரி. "நீயும் உன் மாப்பிள்ளையும். ரெண்டு பேரும் ஒரே நாள்ல சேர்ந்திருக்கீங்க. நான் நடுவுல வந்து ஒருத்தர் பாவத்தைக் கட்டிக்க மாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பேரு குடுங்க."

மாப்பிள்ளை என்றால் என் தங்கை புருஷன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரே லாரியில் எதிரும் புதிருமாக நின்று மூட்டை இறக்கினோம். ஆள் நல்லவன், வாய் குறைவு, கை சுத்தம் என்று பார்த்துத்தான் என் தங்கையைக் கொடுத்தேன். அவனுக்கு உடம்பில் ஒரு நோவும் இல்லை. வண்டி மேல் ஆசை, அவ்வளவுதான். எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அது எப்படி ஓடுகிறது என்று குத்த வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

"மச்சான், நீங்க எடுத்துக்கோங்க" என்பான் என்று ஒரு நிமிஷம் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. என் முதுகைப் பற்றி நான் சொல்லியிருந்தால் அவன் அப்படிச் சொல்லியிருப்பான். நான் எப்படிச் சொல்வது? வீட்டுக்குப் போனால் அவன் என் தங்கையிடம் சொல்வான், அவள் யாரிடமாவது அழுவாள், ஒரு வாரத்தில் மேஸ்திரியின் கை என் தோள் மேல் இருக்கும்.

"மேசையில தீர்த்துக்கங்கப்பா!" என்று அட்டியின் உச்சியிலிருந்து கத்தினான் ரேடியோ. அடுக்கிய மூட்டைகளைத்தான் நாங்கள் அட்டி என்போம். ரேடியோ என்பது அந்த ஆளுக்கு நாங்கள் வைத்த பேர். தூக்கத்தைத் தவிர மற்ற நேரமெல்லாம் பேசுவான்.

அது எங்கள் கோஷ்டியின் வழக்கம். ஓய்வறையில் ஒரு பூல் மேசை கிடக்கிறது. எங்கேயோ மூடிப்போன லாட்ஜுக்குச் சேர வேண்டிய சாமான்; கேட்டு வாங்க ஆள் வராமல் நான்கு வருஷத்துக்கு முன்னால் இங்கேயே தங்கிவிட்டது. பச்சைத் துணியில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கும். யார் லீவு எடுப்பது, யார் அட்டி உச்சிக்கு ஏறுவது, எந்தச் சண்டையானாலும் அந்த மேசையில்தான் முடியும். முடிந்த பிறகு யாரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. இன்னொரு சட்டமும் உண்டு. எந்தப் பந்து, எந்தக் குழி என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் அடிக்க வேண்டும். சொல்லாமல் விழுந்தால் அது அதிர்ஷ்டம். எடுத்து வெளியே வைத்துவிட வேண்டும்.

"சரி" என்றேன் நான்.

"சரி மச்சான்" என்றான் மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம், ஒரே ஆட்டம் என்று முடிவானது.

சொல்லிவிட்டேனே தவிர ஜெயிக்கிற நம்பிக்கை இல்லை. ஏனென்றால் மூன்று மாதமாக மாப்பிள்ளையை யாரும் ஜெயிக்கவில்லை.

அதற்கு முன் அவன் சுமார்தான். என்னைவிட மோசம் என்றுகூடச் சொல்லலாம். நான் அடிப்பது அடி. குச்சியை இழுத்துப் பிடித்து ஓங்கி விட்டால் பந்து நேராகப் போய்க் குழிக்குள் சத்தத்தோடு விழும். அவனும் அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தான். திடீரென்று ஒரு நாள் ஆட்டத்தையே மாற்றிவிட்டான். மெதுவாகத் தட்ட ஆரம்பித்தான். பந்து, குடித்தவன் வீட்டுக்குப் போவது மாதிரி நிதானமாக உருண்டு, ஓரத்துப் பந்தை உரசாமல் விலகிப் போய், சொன்ன குழியில் சொன்னபடி விழுந்தது. விலகிப் போய்! நான் பார்த்தேன். நேராகப் போயிருந்தால் என் பந்தில் இடித்திருக்க வேண்டும். ஒரு விரல் அகலம் ஒதுங்கிப் போயிற்று.

"ஏய், பந்துக்குக் கண்ணு கிண்ணு வெச்சிருக்கியாடா?" என்று ரேடியோ வாயைப் பிளந்தான்.

"குருட்டு அதிர்ஷ்டம்" என்றேன் நான்.

அடுத்த வாரமும் விழுந்தது. அதற்கடுத்த வாரமும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "மாப்ள, அது அதிர்ஷ்டமா இல்லையான்னு பார்த்துடலாம்" என்று குச்சி நுனியில் தேய்க்கிற சாக்பீஸ் துண்டை எடுத்துப் பந்துகள் இருந்த இடங்களில் மேசைத் துணியிலேயே குறி போட்டேன். "இதே அடியை இன்னும் அஞ்சு தடவை அடி."

கோஷ்டி முழுக்கச் சுற்றி நின்றது. ஐந்தில் நான்கு விழுந்தது. தவறின ஒன்றும் குழி உதட்டில் நின்று, விழலாமா வேண்டாமா என்று யோசித்தது.

"இது அதிர்ஷ்டம்னா, அந்த அதிர்ஷ்டம் இவன் வீட்டுல வாடகைக்குக் குடியிருக்குதுப்பா" என்றான் ரேடியோ.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதிர்ஷ்டம் ஐந்தில் நான்கு தடவை வராது. அப்படியானால் கைத்திறமையா? அந்தக் கையை ஒன்பது வருஷமாக எனக்குத் தெரியும். என் கையைப் போலவே சாக்கு நூல் அறுத்து, கொக்கி பிடித்துக் காய்த்துப்போன கை. மூன்று மாதத்தில் அதற்கு எங்கிருந்து வித்தை வரும்? அதிர்ஷ்டமும் இல்லை, வித்தையும் இல்லை என்றால் மிச்சம் ஒன்றுதான் இருக்கிறது. ஏதோ பண்ணுகிறான்.

செவ்வாய்க்கிழமை தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, உங்க ஷிப்டை மாத்திட்டாங்களா?"

"இல்லையே. ஆறரை மணிதான். ஏன்?"

"அவரு அஞ்சு மணிக்கே கிளம்பிடறாரு. ரெண்டு மூணு மாசமா இப்படித்தான். கேட்டா வேலை இருக்குங்கறாரு. எனக்கு என்னமோ மனசே சரியில்லண்ணா."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நான் பார்த்துக்கறேன்."

அவள் பயந்தது வேறு எதற்கோ. எனக்கு வேறு பொறி தட்டியது.

புதன்கிழமை ஐந்தே காலுக்குக் கிடங்குக்குப் போய்விட்டேன். விடிந்தும் விடியாத வெளிச்சம். ஓய்வறையின் பின்பக்கம் காலி டிரம்கள் அடுக்கியிருக்கும். அதற்குப் பின்னால் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இடுப்பு ஆணி அடித்தது. அசையாமல் நின்றேன்.

மாப்பிள்ளை உள்ளே தனியாக இருந்தான். குச்சியைத் தொடவில்லை. வெள்ளைப் பந்தைக் கையால் மெல்ல உருட்டிவிட்டான். அது போய் நிற்கும் வரை பார்த்தான். எடுத்தான், வேறொரு மூலையிலிருந்து உருட்டினான். பிறகு மண்டிபோட்டு, மோவாயை மேசை விளிம்பில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு துணியின் மேல் பார்வையை ஓட்டினான். அப்புறம் குனிந்தான். ஜன்னல் பக்கத்துக் காலுக்குப் பக்கத்தில் அவன் தலை மறைந்தது. எழுந்தபோது கையில் சாக்பீஸ் துண்டு இருந்தது.

சாக்பீஸை எடுக்கத்தான் குனிந்தானா? அதற்கு அவ்வளவு நேரமா?

அன்று முழுக்க மூட்டை தூக்கிக்கொண்டே அதையே நினைத்தேன். மதியம் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தான்.

"என்ன மச்சான், முகமே சரியில்ல?"

"தூக்கம் பத்தல."

"எனக்கும்தான்" என்றான்.

ஏன் எனக்கும்தான் என்றான்? நான் பார்த்தது தெரிந்துவிட்டதா? தெரிந்தால் இவ்வளவு அமைதியாகச் சாப்பிட முடியுமா? நன்றாகத் திருடத் தெரிந்தவன்தான் அமைதியாகச் சாப்பிடுவான் என்றும் தோன்றியது. அவன் என் டப்பாவில் பாதி முட்டையை எடுத்து வைத்தான். அதையும் சந்தேகமாகத்தான் தின்றேன்.

கிடங்குக்கு வருவதற்கு முன் நான்கு வருஷம் தரை போடுகிற கொத்தனாரிடம் கையாளாக இருந்தேன். அந்தக் காலத்து ரசமட்டம் ஒன்று இன்னும் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் கிடந்தது. மரச்சட்டம், நடுவில் கண்ணாடிக் குழாய், அதற்குள் ஒரு குமிழி. எங்கே வைத்தாலும் குமிழி மேடான பக்கம் ஓடும். மட்டமாக இருந்தால் நடுவில் நிற்கும். மனிதன் பொய் சொல்வான், குமிழி சொல்லாது. வியாழக்கிழமை அதைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனேன். பத்து மணி டீக்கு எல்லாரும் வாசலுக்குப் போன நேரம், ஓய்வறைக்குள் நுழைந்து மேசை மேல் வைத்தேன்.

குமிழி கதவுப் பக்கம் ஓடியது. ஜன்னல் பக்கம் தாழ்ந்திருந்தது. ரொம்ப இல்லை. இரண்டு தீக்குச்சிக் கனம் இருக்கும். நான்கு இடத்தில் வைத்துப் பார்த்தேன். நான்கு இடத்திலும் அதே கதை.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஓங்கி அடித்தால் பந்து போகிற வேகத்தில் இந்தச் சரிவு தெரியாது. மெதுவாகத் தட்டினால் பந்து ஜன்னல் பக்கம் ஒதுங்கும். எவ்வளவு ஒதுங்கும் என்று கணக்குப் பண்ணி அடிக்கிறான். விடியற்காலையில் வந்து மேசைக் காலைச் செதுக்கியோ நகர்த்தியோ சரிவு பண்ணி வைத்துவிட்டு, எங்களிடம் வித்தை காட்டுகிறான்! தங்கையைக் கொடுத்த என்னிடமே!

அன்று சாயங்காலம் பெண்டாட்டியிடம் சொன்னேன். அவள் என் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நேரா அவரையே கேளுங்களேன்" என்றாள்.

"கேட்டா ஒத்துக்குவானா?"

"ஒத்துக்கலைன்னா மேஸ்திரிகிட்ட சொல்லுங்க."

"மாப்பிள்ளையைக் காட்டிக்குடுத்தான்னு ஊரே காறித் துப்பும். தங்கச்சி மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"பின்ன என்னதான் பண்ணப்போறீங்க?"

"மேசையை நேராக்கப்போறேன். கோணலா இருக்கறதை நேராக்கினா அது தப்பா?"

அவள் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாள். எனக்கு உயிர் போயிற்று.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே வெளி லாரி ஒன்றுக்கு ஆள் கேட்டார்கள். மாப்பிள்ளை பேரைச் சொன்னது நான்தான். "அவனை அனுப்புங்க, அவன்தான் வேகமா முடிப்பான்." அவன் அந்தப் பக்கம் போனான். இனி மதியம் வரை அவனுக்கு மேசையைத் தொட நேரமில்லை.

பத்து மணி டீக்கு மறுபடி எல்லாரும் போனார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு, கடப்பாரையை மேசையின் ஜன்னல் பக்கத்துக் காலுக்கு அடியில் கொடுத்து, ஒரு செங்கல்லைத் தாங்கலாக வைத்து, நெம்பினேன். கல் பலகை போட்ட மேசை. யானை மாதிரி கனம். முதுகில் இருந்த ஆணி முழுசாக உள்ளே போய், காலின் கட்டைவிரல் வரை மின்சாரம் அடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, உடைந்த பெட்டியிலிருந்து கிழித்து வைத்திருந்த ஒட்டுப்பலகைத் துண்டைக் காலால் தள்ளி அடியில் கொடுத்தேன். பிறகு அடுத்த கால். ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவில் வந்து, இப்படியும் அப்படியும் ஒரு தடவை ஆடி, நின்றது. பலகைத் துண்டுகள் புதுசாகத் தெரியாமல் இருக்க வண்டிச் சங்கிலியின் கிரீஸைத் தடவினேன்.

பாதிக் குனிந்த நிலையில் பத்து நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிமிர முடியவில்லை.

மதியம் ஆட்டம். ரேடியோ ஜன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்து வர்ணனை. மேஸ்திரிகூட டீ டம்ளரோடு வாசலில் சாய்ந்து நின்றார்.

"மச்சானும் மாப்பிள்ளையும் மோதுற ஆட்டம்! யாரு தோத்தாலும் வீட்டுல அடி மாப்பிள்ளைக்குத்தான்!"

"வாயை மூடுடா" என்றான் மாப்பிள்ளை சிரித்தபடி. லாரியிலிருந்து நேராக வந்திருந்தான், புருவத்தில் மாவு.

பக்கத்தில் இருந்த இரண்டு பந்துகளைச் சுலபமாகப் போட்டான். பிறகு, "கோடு போட்ட பச்சை, கதவு மூலை" என்றான். மெதுவாகத் தட்டினான். வெள்ளைப் பந்து போனது. ஒதுங்கவில்லை. நூல் பிடித்த மாதிரி நேராகப் போய்ப் பச்சையின் தப்பான பக்கத்தில் இடித்தது. பச்சை குழிக்கு ஒரு சாண் தள்ளி ரப்பரில் மோதித் திரும்பியது.

அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். அவன் மேசையைப் பார்ப்பான் என்று காத்திருந்தேன். பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அவன் பார்த்தது மேசையை அல்ல, தன் கையை. வலது கையை விரித்து, மூடி, மறுபடி விரித்துப் பார்த்தான்.

நான் ஓங்கி அடித்தேன். ஒன்று. இரண்டு. மூன்றாவது தவறியது.

அவன் மறுபடி மெதுவாக. மறுபடி தப்பு. இந்தத் தடவை இன்னும் அதிகமாக ஒதுக்கம் கொடுத்து அடித்திருந்தான் போல. பந்து இன்னும் தள்ளிப் போயிற்று. சாக்பீஸ் துண்டு அவன் கையிலிருந்து நழுவி உருண்டு மேசைக்கு அடியில் ஓடியது, நேராக அந்த ஜன்னல் பக்கத்துக் காலுக்கு. அவன் குனிந்தான்.  பலகைத் துண்டுக்கும் அவன் முகத்துக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. இப்போது சொல்வான், இப்போது எல்லார் முன்னாலும் கேட்பான் என்று குச்சியை இறுக்கிப் பிடித்தேன்.

எழுந்தான். குச்சி நுனியில் சாக்பீஸைத் தேய்த்தான். 

கடைசியில் எனக்கு ஆட்டத்தை முடிக்கிற கறுப்புப் பந்து மட்டும் மிச்சம். அவனுக்கு இன்னும் மூன்று. "கறுப்பு, நடுக் குழி" என்று சொல்லி இருந்த பலத்தையெல்லாம் கொடுத்து அடித்தேன். சத்தத்தோடு விழுந்தது.

"கைன்னா இதான்யா கை!" என்று ரேடியோ திட்டிலிருந்து குதித்தான். "அடிச்சா ஆணி அடிச்ச மாதிரி! டேய் மாப்ள, உனக்கு மூணு மாசமா ஓடினது ராசிடா. இன்னைக்கு எண்ணெய் தீர்ந்து போச்சு, விளக்கு அணைஞ்சு போச்சு."

நான் அவனைப் பார்த்தேன். பண்ணின வேலை அம்பலமாகிவிட்டதே என்ற பயமோ கோபமோ அந்த முகத்தில் இருக்கும் என்று தேடினேன்.

"ஆமாம்ல" என்றான் அவன் ரேடியோவிடம், நிஜமாகவே யோசிக்கிறவன் மாதிரி. "ராசிதான் போல. நான் ஏதோ கையில வந்துருச்சுன்னு நினைச்சுட்டேன்." பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கினான். "நல்லா ஆடினீங்க மச்சான். வண்டியைப் பார்த்து ஓட்டுங்க."

நடிக்கிறான் என்றுதான் அப்போதும் நினைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை, எனக்கு வண்டிப் பழக்கம். வழக்கமாகச் சனிக்கிழமை மதியமே கோஷ்டி கலைந்துவிடும். அன்று நான் மட்டும் சாயங்காலம் வரை இருந்தேன். துண்டை எடுக்க ஓய்வறைக்குப் போனபோது, சுத்தம் பண்ணுகிற அக்கா தரையில் விரித்திருந்த பிளாஸ்டிக் விரிப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, கதவருகில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் தானாக ஓடியது. துடைப்பம் தொடவே இல்லை. கதவிலிருந்து மேசைக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, ஜன்னலுக்குக் கீழே சுவரோரத்தில் இருந்த ஒரு வட்டச் சல்லடைக்குள் களகளவென்று இறங்கியது. வழக்கமாக விரிப்புக்கு அடியில் மறைந்து கிடக்கும் அந்தச் சல்லடையை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"இது என்னக்கா?"

"எது? ஓ, அதுவா. நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடி இங்கதானே டிரம் கழுவுவாங்க. அதுக்குன்னு வாட்டம் போட்டுக் கட்டின ரூமு. நல்லதாப் போச்சு, எனக்குத் தள்ளுற வேலை மிச்சம்."

வாட்டம். நான்கு வருஷம் அதைத்தானே போட்டேன். குளியலறை, கழுவுகிற இடம், தண்ணீர் புழங்குகிற எந்தத் தரையானாலும் நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, சல்லடைப் பக்கம் இரண்டு தீக்குச்சிக் கனம் இறக்கித்தானே பூசினோம். ரசமட்டத்தை எடுத்து வந்தவன் அதைத் தரையில் ஒரு தடவை வைத்துப் பார்க்கவில்லை. மேசையிலேயே வைத்து, மேசையிலேயே குற்றம் கண்டுபிடித்துவிட்டுப் போய்விட்டேன்.

யாரும் மேசைக் காலைச் செதுக்கவில்லை. நான்கு வருஷமாக அந்தச் சரிவு அங்கேயேதான் இருந்தது. எனக்கும் இருந்தது, ரேடியோவுக்கும் இருந்தது. நாங்கள் ஓங்கி அடித்துக்கொண்டே இருந்தோம். ஒருத்தன் மட்டும், நம் பந்து ஏன் இப்படிப் போகிறது என்று குத்த வைத்துப் பார்த்தான். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்து, கையால் உருட்டி உருட்டி, மூன்று மாதம் படித்தான்.

"அய்ய, இது என்ன கட்டை?" அக்கா துடைப்ப நுனியால் மேசைக் காலடியில் தட்டினாள். "இது இங்க இருந்ததில்லையே. எடுத்துப் போட்டுடவா?"

"வேண்டாம்கா" என்றேன், கொஞ்சம் அவசரமாக. "மேசை ஆடுதுன்னு வெச்சது. இருக்கட்டும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இந்த மேசை எங்க ஆடுச்சு?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுத்த வாளியைக் கவிழ்த்தாள்.

கட்டையை எடுத்துவிடலாம். எடுத்தால் பழைய சரிவு வந்துவிடும். திங்கட்கிழமை மாப்பிள்ளை நான்கு பந்து தட்டினால் கை திரும்பிவிட்டது தெரியும். வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் போனது என்று யோசிப்பான். அவன் யோசிக்க ஆரம்பித்தால் அடிவரை போகாமல் விட மாட்டான். கட்டையை அப்படியே விட்டேன்.

நான் பயந்தது நடக்கவில்லை. அவன் மேசைப் பக்கமே வரவில்லை. இரண்டு தடவை ரேடியோ இழுத்து வந்தான். இரண்டு தடவையும் தோற்றுவிட்டுக் குச்சியைச் சுவரில் சாய்த்தான். மூன்றாவது தடவை, "எனக்கு அது வராதுடா" என்று சொல்லிவிட்டான். அட்டி உச்சிக்கு யார் ஏறுவது என்று மேசையில் தீர்க்கும்போது, ஆடாமலே அவன் ஏற ஆரம்பித்தான். நான் கீழே ரெக்சின் சீட்டில் உட்கார்ந்து மூட்டை வைத்த பலகையை வண்டியால் தூக்கிக் கொடுப்பேன். அவன் மேலே நின்று மூட்டையை வாங்குவான்.

தங்கை போன் செய்தாள். "அண்ணா, இப்பல்லாம் அவரு ஆறு மணி வரைக்கும் தூங்கறாரு. அது நல்லதுதான். ஆனா சாப்பிடும்போது கையை நீட்டிப் பார்த்துட்டே இருக்காரு. நடுங்குதான்னு என்னைக் கேக்கறாரு. கண்ணு டாக்டரைப் பார்க்கணும்ங்கறாரு. என்னாச்சுண்ணா அவருக்கு?"

"ஒண்ணுமில்ல. வேலை ஜாஸ்தி" என்றேன்.

போன புதன்கிழமை அவன் அட்டியிலிருந்து இறங்கி, சட்டையெல்லாம் உடம்போடு ஒட்டியிருக்க, என் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான். நான் இன்ஜினை நிறுத்தினேன்.

"மச்சான், ஒண்ணு கேக்கவா? மறைக்காம சொல்லுங்க."

"கேளு."

"அன்னைக்கு எதிர்ல நின்னு பார்த்தது நீங்கதான். என் கை எங்க தப்புப் பண்ணிச்சு? முழங்கை தூக்கிச்சா? இல்ல, மணிக்கட்டு திரும்பிச்சா? அதுக்கு முன்னாடி வரைக்கும் எனக்கு நல்லாத் தெரிஞ்சுது மச்சான். பந்து எங்க போகும்னு அடிக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது. அது எல்லாமே சும்மா ராசிதானா?"

அவன் கண்ணையே பார்த்தேன். தெரிந்து கேட்கிறானா, தெரியாமல் கேட்கிறானா? குனிந்த அன்றே கட்டையைப் பார்த்துவிட்டானா? பார்த்துவிட்டு, மச்சான் வாயாலேயே வரட்டும் என்று இத்தனை நாள் காத்திருக்கிறானா? புருவத்து வேர்வை அவன் கண்ணுக்குள் இறங்கியது. அவன் துடைக்கவில்லை. பதிலுக்காக நின்றான்.

சொல்ல வேண்டியது இரண்டு வரிதான். சொன்னால் சீட்டை விட்டு இறங்க வேண்டும். இறங்கினால் மூட்டை. மூட்டை என்றால் மேஸ்திரியின் கை.

"ராசிதான் மாப்ள" என்றேன். "எல்லாருக்கும் ஒரு நாள் தீரும்."

அவன் மெல்லத் தலையாட்டினான். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு மறுபடி அட்டியில் ஏறினான். நான் இன்ஜினைப் போட்டேன்.

உன் கையில் ஒரு தப்பும் இல்லை, மேசையைத் தூக்கி வைத்தது நான். இந்த இரண்டு வரியை என் மாப்பிள்ளைக்கு நான் இன்னும் பாக்கி வைத்திருக்கிறேன்.